பன்னிரண்டு சென்டிமீட்டர்

வாரத்தில் ஆறு நாள்
கப்பல் வயிற்றுக்குள் குழாய் பொருத்துகிறவன் நான்.
எங்கள் தொழிலில் ஒரே குழாய்க்கு இரண்டு பாஷை:
குறுக்கே இஞ்ச், நெடுக்கே மில்லிமீட்டர்.
"ஆறு, நாலாயிரத்து இருநூறு" என்று
மேல்தளத்திலிருந்து யாராவது கத்தினால்
எந்த எண் எந்தப் பக்கம் என்று
கை தானாகவே அறியும்.

அப்படிப்பட்டவன்தான்
பெஞ்சூரு விடுதிக்குப் பின்புறத் திடலில்
ராத்திரி மழையில் ஊறிய புல்மேல் டேப்பை இழுத்து
இருபது மீட்டரில் குச்சி நட்டேன்.

"இருபத்திரண்டு யார்டு" என்று
ஜஹாங்கீர் சொல்லியிருந்தான், சனிக்கிழமையே.
யார்டு என்றால் எனக்குத் துவாஸ்:
கேட், அடையாள அட்டை, மஞ்சள் தொப்பி,
ஏழரைக்கு ஒரு சங்கு.
அதற்கு ஒரு நீளம் உண்டென்பது
அப்போது நினைவில் இல்லை.
இருபது நல்ல எண்ணாக இருந்தது.
டேப்பில் சிவப்பாக வேறு அச்சடித்திருந்தது.

ஆறாவது ஓவர்.
நாலு ரன்னில் நின்ற இருளப்பன்
பந்தை லேசாகத் தட்டிவிட்டு ஓடினான்.
எறிந்த பந்து நேரே குச்சியில்.
மட்டை கோட்டுக்கு உள்ளே
நாலு விரல்.
நடுவர் பலராமுடு குனிந்து பார்த்து,
இன்னொரு முறை பார்த்து,
தலையாட்டினான்: இல்லை.
அதன் பிறகு இருளப்பன் அடித்தது முப்பத்தொன்று.
ஒரு பந்து வடிகாலைத் தாண்டி
லாரிகள் நிற்கும் இடத்தில் விழுந்தது.

இடைவேளையில் மைலோ குடித்தபடி
போனில் சும்மா பெருக்கிப் பார்த்தேன்.
இருபது புள்ளி ஒன்று ஒன்று ஆறு எட்டு.

மறுபடி பெருக்கினேன்.
எண் இரக்கப்படவில்லை.

திரையில் கீழே வால் போல ஒரு பட்டியல்:
பன்னிரண்டு அங்குலம் ஓரடி,
மூன்றடி ஒரு கெஜம்,
இருபத்திரண்டு கெஜம் ஒரு சங்கிலி,
பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு,
எட்டுப் பர்லாங்கு ஒரு மைல்.
பன்னிரண்டு, மூன்று, இருபத்திரண்டு, பத்து, எட்டு:
ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத ஆட்கள்
ஒரே அறையில் தங்கியிருப்பது மாதிரி.
எங்கள் அறையும் அப்படித்தான்.
என் கட்டில் ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர்;
மாற்றினால் ஆறடி மூன்றங்குலம், மயிரிழை குறைய.
மனுஷனுக்கு ஆறடிதான் என்பார்கள்.
மூன்றங்குலம் கம்பெனி போனஸ்.

பன்னிரண்டு சென்டிமீட்டரைக் கையால் அளந்தேன்.
நாலு விரலை அகட்டி வைத்தாலும் மிஞ்சியது.

மறைத்திருக்கலாம்.
வேலையிடத்தில் இவ்வளவு தவறினால்
விளிம்பு பொருந்தாது, போல்ட் ஏறாது,
குழாயே காட்டிக்கொடுத்துவிடும்.
புல் எதையும் காட்டிக்கொடுக்காது.

ஜஹாங்கீரிடம் போய்ச் சொன்னேன்.
குச்சியைத் தள்ளி நடட்டுமா என்றேன்.
அவன் குச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:
"உன் ஆள் ஓடுனது இந்த நீளம்.
என் ஆளும் இதே நீளம் ஓடும்.
இப்ப மாத்துனாதான் தப்பு."

ஒன்பது ரன்னில் ஜெயித்தோம்.
(முப்பத்தொன்றைக் கழித்துப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.)

ராத்திரிக் கடைக்குப் போய்த் திரும்பும் லாரியில்
எதிர்ப்பலகையில் இருளப்பன்.
மடியில் கத்தரிக்காய்ப் பை.
ஒவ்வொரு விளக்குக் கம்பம் கடக்கும்போதும்
முகம் வந்து வந்து போனது.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப நான் அவுட்டா?"

"கெஜத்துல அவுட்.
மீட்டர்ல நாட் அவுட்."

பயனியர் சாலைச் சிக்னல் வரை யோசித்தான்.
பச்சை விழுந்து லாரி உலுக்கியதும்
பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"வீட்ல கேட்டா
மீட்டர்லயே சொல்லுண்ணே."